அட்டிக்கில் காய்ந்த மோர்மிளகாய்

ராசா,

இதைப் போனில் சொல்ல ஐந்து தரம் முயன்றுவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஆரணிதான் எடுக்கிறாள். ஆறு மாத வயிற்றோடு நின்றுகொண்டு, "மாமி, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று சந்தோசமாகக் கேட்கிற உன் மனைவியிடம் நான் இதை எப்படிச் சொல்வது? "சும்மா எடுத்தனான் பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வேலையால் வந்து நீ திருப்பி எடுப்பாய் என்று பார்த்தால், நீ எடுப்பது அப்பாவின் செல்லுக்கு. என்னோடு கதைக்க உனக்கு மனமில்லை. ஓம், உன் கோபம் நியாயம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, பாதியில் மட்டும் வைத்துவிடாதே.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கே துணிவு போய்விடும். எங்கள் வீட்டு அட்டிக்கில், கூரைக்கும் அறைகளின் மேல்தட்டுக்கும் நடுவில், மினுங்குகிற சரளை மாதிரி ஒரு சாமான் பரவிக் கிடக்கிறதல்லவா? குளிருக்காக யாரோ எந்தக் காலத்திலோ கொட்டிய இன்சுலேஷன் அது. அதற்குள் அஸ்பெஸ்டோஸ் இருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பி, முடிவும் வந்துவிட்டது. அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடுமாம். ஒரு வருத்தமும் வராமலும் போகலாம், எத்தனையோ வருடம் கழித்து வரவும் கூடுமாம். அந்தச் சரளைக்குள் பதினொரு வயதிலிருந்து பதினேழு வயது வரைக்கும் ஒவ்வொரு கோடையும் உன்னை ஏற்றிவிட்டவள் வேறு ஒருத்தியும் இல்லை. உன்னைப் பெற்ற நான்தான்.

நீ நினைப்பாய், அம்மா வழக்கம்போல ஒன்றைப் பத்தாக்குகிறாள் என்று. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்த ஒரு தரமாவது நான் விசரியாக இருந்து, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் பரிசோதனைக் கடிதத்தை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், நீயே பார். அது பிரெஞ்சில் இருக்கிறது, என்னைவிட உனக்கு நன்றாக விளங்கும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு, லவாலில் இந்த வீட்டை வாங்கினபோது உனக்குப் பதினொரு வயது. வீடு காட்ட வந்த ஆள் உன் அறை அலுமாரிக்குள் மேலே இருந்த சதுரப் பலகையைத் தள்ளி, டோர்ச் அடித்து, "இன்சுலேஷன் எல்லாம் போட்டிருக்கு அண்ணை, பாருங்கோ" என்றார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "ஓம் ஓம்" என்றார். அவருக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்? யாழ்ப்பாணத்தில் வீடு கட்டினால் வெக்கை உள்ளே வராமல் பார்ப்பார்கள், காற்று வரப் பார்ப்பார்கள். சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதற்கு ஒரு சாமான் இருக்கிறது, அதிலும் நல்லது கெட்டது இருக்கிறது என்று நாங்கள் எங்கே கண்டோம்? கொஞ்ச நாளைக்கு, வீட்டுக்குச் சொந்தக்காரியாகிவிட்ட பெருமையில் நான் நிலத்தில் நடக்கவில்லை. உன் அறையில் நீ குரங்கு மாதிரி அலுமாரித் தட்டில் ஏறி அந்தப் பலகையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாய், நான் அதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

முதல் கோடையில் பின்வளவில் மோர்மிளகாயும் வடகமும் காயப்போட்டேன், ஞாபகமா? ஒரு நாள் மழை, ஒரு நாள் பனி மூட்டம், அடுத்த நாள் அணில்கள் வந்து வடகத்தைத் தூக்கிக்கொண்டு வேலியில் இருந்து தின்றன. இந்த ஊர் அணில்களுக்கு வேப்பம்பூ வடகம் அவ்வளவு பிடிக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சாக்கில் பரப்பியிருந்த மிளகாய் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துக் கொட்டவேண்டி வந்தது. அந்தக் கிழமைதான் அப்பா பழைய சூட்கேசுகளை அட்டிக்கில் வைக்கச் சொல்லி உன்னை ஏற்றினார். நீ தலையெல்லாம் நனைந்து இறங்கி வந்து, "அம்மா, மேல அடுப்புக்குள்ள நிண்ட மாதிரிக் கிடக்கு!" என்றாய். எனக்கு உடனே பொறி தட்டியது. அணில் இல்லை, மழை இல்லை, பக்கத்து வீட்டுக்காரியின் மூக்குக்கு மணமும் போகாது. இதைவிட என்ன வேண்டும்? பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு, பார்த்தாயா.

மோர்மிளகாய் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. காலமை காயவைக்கவேண்டும், பின்னேரம் எடுத்துத் திரும்பவும் உப்பு மோரில் ஊறப்போடவேண்டும். மோர் முழுக்க மிளகாய்க்குள் போய்ச் சேரும் வரைக்கும் இப்படியே நாலைந்து நாள். அட்டிக் வாசலுக்குள்ளால் என் உடம்பு போகாது, அப்பாவுக்கு முழங்கால் மடியாது. ஆகவே நீதான். காலையில் நீ தட்டோடு மேலே போவாய், பின்னேரம் தட்டோடு இறங்குவாய். தட்டுகள் சரியாமல் இருக்க அந்தச் சரளையைக் கையால் அளைந்து, மட்டமாக்கி, உன் சின்ன வயதுக் கட்டில் விரிப்பை, கார் படம் போட்டது, அதன்மேல் விரித்து வைப்பாய். நான் சொல்லித் தந்ததுதான். "நல்லாத் தட்டி மட்டமாக்கு, இல்லாட்டி மோர் ஒரு பக்கம் ஓடீடும்" என்று கீழே நின்று கத்துவேன். விரிப்பில் தூசு இருந்தால் உதறச் சொல்வேன். நீ உதறுவாய். மூன்றாம் தட்டு முடிந்து இறங்கும்போது உன் தலைமயிரெல்லாம் தங்கப் பொடி மினுங்கும். நான் அதை என் கையாலேயே தட்டிவிட்டு, "கலியாண மாப்பிள்ளை வாறார்" என்று பகிடி பண்ணுவேன்.

நீ இருமினாய். இதை நான் எழுதாமல் விட்டுவிடலாம், உனக்கு ஞாபகமும் இருக்காது, ஆனால் இப்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வருவதில்லை. "அம்மா, தொண்டை கடிக்குது" என்பாய். வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒரு தாய் யோசித்திருப்பாள், ஏன் இந்தப் பிள்ளை மேலே போனால் மட்டும் இருமுகிறது என்று. எங்கள் வீட்டில் மேலே பச்சைமிளகாய் காய்கிறது. இருமாமல் என்ன செய்யும்? "மிளகாய்க் காரமடா, இறங்கி வந்து தண்ணி குடி, சரியாப்போம்" என்பேன். சரியாகத்தான் போனது. அடுத்த நாளும் ஏறினாய். எல்லாவற்றையும் மிளகாயின் தலையில் போட்டுவிட்டேன், தம்பி. மூக்கு எரிந்தால் மிளகாய், கண் கடித்தால் மிளகாய். மிளகாயைத் தாண்டி என் மூளை ஒரு அடியும் போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பேர் உனக்குத் தெரியும். வில்லரே, பார்க் எக்ஸ்டென்ஷன், எங்கே கலியாணம், எங்கே திவசம் என்றாலும், "லவால் அக்காவின்ர மோர்மிளகாய் இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். மங்களமக்கா ஒவ்வொரு தரமும் தொலைபேசியில், "உமக்கு மட்டும் எங்கையிருந்து வெயில் வருகுது?" என்பாள். நான் ரகசியம் சொல்லமாட்டேன். பதினேழு வயதில் நீ ஒரு நாள், "இனி நான் ஏறமாட்டன், என்ர சிநேகிதங்கள் சிரிக்கிறாங்கள்" என்றபோது நான் உன்னை என்ன பேச்சுப் பேசினேன்! வெள்ளைக்காரனாகிவிட்டாய், தாய்க்கு ஒரு சின்ன உதவி செய்யக் கை கூசுகிறது, ஊரில் உன் வயதில் பிள்ளைகள் குடும்பத்தையே தாங்குகிறார்கள் என்று ஒரு கிழமை முழுக்க. நீ தட்டை வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு கோடை ஏறினாய். அந்தக் கடைசிக் கோடை என் வாயால் வந்தது. மற்ற வருடங்களுக்கு அறியாமை என்று ஒரு சாட்டுச் சொல்லலாம், அந்த ஒரு வருடத்துக்கு அதுவும் இல்லை, நீயே வேண்டாம் என்று சொன்னாய்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். குழந்தை பிறக்கிறதுக்கு முன்னம் எங்களோடு வந்து இருக்கப்போகிறோம் என்று நீயும் ஆரணியும் ஆவணியில் வந்து சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீ பார்த்திருப்பாய். லவாலுக்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டது, வேலைக்குப் போக லேசு என்று நீ சொன்னாய். பின் அறை விண்டரில் ஐஸ் பெட்டி, கைப்பிள்ளையை அங்கே கிடத்த முடியாது, முதலில் அட்டிக்கில் இன்சுலேஷனைக் கூட்டவேண்டும் என்றும் நீதான் சொன்னாய். கூரை விளிம்பில் ஒவ்வொரு மாசியிலும் ஆள் உயரத்துக்கு ஐஸ் தொங்குவது நல்லதுக்கு இல்லை, வீட்டுச் சூடு மேலால் ஓடுகிறது என்று படம் கீறிக்கூடக் காட்டினாய். அப்பா ஒரு கொம்பனிக்கு எடுத்து ஆளைக் கூப்பிட்டார். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பொடியன் ஏணியும் டோர்ச்சும், வீட்டில் எங்கே காற்று ஒழுகுகிறது என்று பார்க்கக் கதவில் பூட்டுகிற பெரிய காற்றாடியுமாக வந்தான். சப்பாத்துக்கு உறை போட்டுக்கொண்டு, "பொன்ஜூர் மதாம்" என்று மரியாதையாக உள்ளே வந்தான்.

அலுமாரிக்குள் ஏணி வைத்து, பலகையைக் கொஞ்சம் உயர்த்தி, டோர்ச் அடித்தான். அவ்வளவுதான். கையை மேலே வைத்தபடி அப்படியே நின்றான். பிறகு பலகையை முட்டை வைக்கிற மாதிரி மெல்ல இறக்கி மூடிவிட்டு இறங்கினான். காற்றாடியைப் பூட்டவில்லை, திரும்ப வானுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அப்பாவோடு பிரெஞ்சில் கதைத்தான். எனக்கு விளங்கியது "அமியாந்த்" என்ற ஒரு சொல்தான், அஸ்பெஸ்டோசுக்குப் பிரெஞ்சில் அதுதானாம் பேர், அதுவும் சொல்லாக விளங்கவில்லை, அப்பாவின் முகத்தில்தான் விளங்கியது. துணித் தொழிற்சாலையில் அத்தனை வருடம் கொதிநீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் வேலை செய்த மனிசன், அவருக்கு அந்தச் சொல் தெரியும். பொடியன் மூக்குக்கு மூடி போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பையில் கொஞ்சம் எடுத்தான், ஈரத் துணியால் துடைத்தான், பலகையின் ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். பிறகு ஏதோ கேட்டான். அப்பா "நோன்" என்றார். இன்னொன்று கேட்டான். அதற்கும் "நோன்."

அவன் போனபிறகு என்ன கேட்டவன் என்று கேட்டேன். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "மேல விரிப்பு ஒண்டு கிடக்கு, பிள்ளையள் ஆரும் ஏறி விளையாடுறவையோ, சரளையை ஆரும் கிளறினவையோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் இல்லை எண்டே சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்ல? நீர் மிளகாய் காயப்போட்ட கதையைச் சொல்லட்டோ?"

பிறகு தானே என்னைத் தேற்றத் தொடங்கினார். "இஞ்சேரும், சும்மா பயப்பிடாதையும். ஊரில பாதிச் சனம் அஸ்பெஸ்டோஸ் கூரைச் சீற்றுக்குக் கீழதான் பிறந்து வளந்தது. இந்த மாகாணத்தில ஒரு ஊருக்கே அந்தப் பேர் வைச்சிருக்கிறாங்கள். அங்கையும் சனம் இருக்குதுதானே?" இருக்கிறதுதான். இருந்தவர்களில் எத்தனை பேர் எப்படி இருமினார்கள் என்று எங்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? ஆனாலும் நான் தலையை ஆட்டினேன். அவர் சொல்வதை நம்பவேண்டும் போல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. உனக்கு மட்டும் "கொம்பனிக்காரன் வசந்தத்திலதான் வருவானாம்" என்று ஒரு பொய்யைச் சொன்னார். "பிள்ளை பிறக்கட்டும், பேந்து சொல்லுவம்" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். எங்களுடைய பொய்க்கு நீ செய்த வேலையைப் பார். வசந்தம் வரைக்கும் பார்க்க ஏலாது, நானே செய்கிறேன் என்று இன்சுலேஷன் ஊதுகிற மெசினை வாடகைக்குச் சொல்லிவைத்துவிட்டு, தாங்ஸ்கிவிங் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் குப்பைப் பைகளோடு வந்து நின்றாய். பரிசோதனை முடிவு அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் தபாலில் வந்திருந்தது.

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய், என் பக்கத்தையும் கேள். நான் குசினியில் நண்டைக் கழுவிக்கொண்டு நின்றேன். உன் அறையிலிருந்து டேப் உரிகிற சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்தேன். நீ ஏணியில் இரண்டாம் படியில் நிற்கிறாய், பாதி டேப் உன் கையில் தொங்குகிறது.

"இறங்கு!"

"என்னம்மா? இந்தப் பழசை எல்லாம் அள்ளிப் பையில போட்டிட்டு, நாளைக்குப் புதுசை ஊதிவிடுவன். ஒரு நாள் வேலை."

"இறங்கு எண்டு சொல்லுறன். ஏறாத."

"ஏன் எண்டு சொல்லுங்கோவன்."

ஆரணி கதவடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று எனக்குத் தலையை ஆட்டினார். எனக்கு வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்: "இது என்ர வீடு. ஏறாத எண்டா ஏறாத." சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டுப்போனேன். நீ இறங்கினாய். டேப்பைப் பந்தாக உருட்டி யன்னலில் வைத்தாய். "ஓகே. உங்கட வீடுதான். எனக்கு விளங்குது" என்றாய். நண்டுக்கறி சட்டியில் அப்படியே கிடந்தது. ஐந்து கிழமையாகிறது. என் வீடு உன் வீடு என்று நான் வாழ்க்கையில் எண்ணிப் பார்த்தது கிடையாது, ராசா. உன் காலைப் பிடித்து இழுத்திருந்தால்கூட நல்லது, இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. ஆரணி என்ன நினைத்திருப்பாள், வந்து இருக்கப்போகிற மருமகளுக்கு முன்னால் மாமி வீட்டுக் கணக்குப் பார்க்கிறாள் என்றுதானே?

நீ போனபிறகு நானும் அப்பாவும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பலகையைத் திரும்ப ஒட்டினோம். மேல்தட்டில் விளக்குப் பூட்டின இடங்களில் இருந்த வெடிப்புகளையும் அடைத்தோம். கொம்பனியில் கேட்டால், கிளறாமல் மூடி வைத்தால் கீழே இருக்கிறவர்களுக்குப் பெரிதாகப் பயமில்லை என்கிறார்கள். எடுப்பதென்றால் விண்வெளிக்குப் போகிற மாதிரி உடுப்புப் போட்ட ஆட்கள் வரவேண்டும், நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், இந்தக் குளிருக்குள் வரமாட்டார்களாம். உன் பிள்ளையை இங்கே கொண்டுவா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. தொட்டிலை வாங்கிப் பெட்டியோடு முன் அறையில் வைத்திருக்கிறேன், அதை விரிப்பதா திருப்பிக் கொடுப்பதா என்று ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு எடுங்கோ. நான் எடுத்த முடிவுகள் போதும்.

போன கிழமை அப்பாவுக்குச் சொல்லாமல் பஸ் பிடித்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களைப் பழைய காலத்திலிருந்து பார்க்கிற டாக்டரிடம் போனேன். அவவோடு என் உடைந்த ஆங்கிலம் ஓடும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்துவிட்டது என்று தொடங்கினேன். அவ பேனையை வைத்துவிட்டு, "உங்கள் மகனா?" என்று கேட்டா. ஓம் என்றேன். படம் எடுத்துப் பார்க்கலாமா, இரத்தம் சோதிக்கலாமா, கழுவி எடுக்க ஒரு வழி இல்லையா என்று கேட்டேன். கழுவி எடுக்கவா! என்ன கேள்வி கேட்டிருக்கிறேன் பார். அவ சிரிக்கவில்லை. ஒன்றும் வராமல் போகிறவர்கள்தான் கன பேர், ஆனால் வருமா வராதா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, உள்ளே போனதை எடுக்கிற மருந்தும் இல்லை என்றா. அவனை வரச் சொல்லுங்கள், விபரத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றா. நான் கையுறையைக் கழற்றிப் போட்டு, கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, ஒரு வரிசை இருக்கிறது, நின்றால் ஒரு நாள் ஏதாவது கிடைக்கும். இதற்கு வரிசையும் இல்லை.

எழும்பும்போது அவ கேட்டா, "உங்கள் மகன் புகை பிடிப்பாரா?"

"சீச்சீ, இல்லை" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. அவமானம் வந்தால் கை தானாகத் தாவணியை இழுத்து மூடுமே, அப்படி வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லது," என்றா அவ. "ஏனென்றால் நீங்கள் சொன்னதும் சிகரெட்டும் ஒரு நெஞ்சில் சேர்ந்தால் ஆபத்துப் பல மடங்கு. அவர் கையில் இருக்கிற ஒரே பாதுகாப்பு அதுதான்."

நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய், இல்லை டாக்டர், நான் பொய் சொன்னேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பனிக்குள் திரும்பி நடந்து வந்தேன்.

எனக்குத் தெரியும், தம்பி. நீ சீஜெப் கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே தெரியும். குப்பை போட்டுவிட்டு வாறன் என்று குப்பை இல்லாத நாளிலும் நீ பின்படிக்கட்டுக்குப் போவாய். சூயிங்கம் சப்பிக்கொண்டு வந்து என்னைத் தாண்டும்போது மூச்சை அடக்குவாய். உன் குளிர் யக்கற்றை நான்தானே தோய்ப்பேன். படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிற அடிக்கட்டைகளை அப்பா பார்க்கமுன்னம் நான் கூட்டி அள்ளுவேன். தாய் தகப்பனுக்கு முன்னால் பிடிக்காமல் இருக்கிறதே, அதுவே ஒரு மரியாதை, பிள்ளை எங்களுக்கு இன்னும் பயப்படுகிறது என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. தெரியாத மாதிரி இருந்தால் நீ நல்ல பிள்ளை, நான் நல்ல தாய். எங்கள் ஆட்களில் எத்தனை வீட்டில் இந்த நாடகம் நடக்கிறது! தகப்பன் தெருவில் வந்தால் மகன் சிகரெட்டை உள்ளங்கைக்குள் பொத்துவான், தகப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை, நான் சொன்ன பொய்யை, நீ பிடிக்கிறதை. "இத்தனை வருசம் உங்களுக்கு மறைச்சுப்போட்டன்" என்றேன். அவர் எழும்பிப் போய்ப் பின்யன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு, "பின்படியடியில ஒரு பெயின்ற் தகரம் கிடக்கெல்லே?" என்றார்.

"ஓம், மழைத் தண்ணிக்கு வைச்சனீங்கள்."

"மழைத் தண்ணிக்கோ? அவன் கட்டையைக் கண்டபடி எறியாமல் போடட்டும் எண்டு வைச்சனான். உமக்குத் தெரியவரக்கூடாது எண்டு."

பார்த்தாயா எங்கள் கெட்டித்தனத்தை. ஒருத்தி கூட்டி அள்ளியிருக்கிறாள், ஒருத்தர் தகரம் வைத்திருக்கிறார், இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தகரத்தைப் பற்றி நினைத்து முதலில் சிரித்தோம். பிறகு அப்பா அழுதார். உனக்கு மீசை முளைத்தபிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகவே இப்போது எழுத்தில் சொல்கிறேன், இனி ஒருவருக்கும் தெரியாத மாதிரி நடக்கத் தேவையில்லை. நீ சிகரெட் பிடிக்கிறாய். எங்களுக்குத் தெரியும். விடு, ராசா. உன் நெஞ்சுக்குள் நான் அனுப்பினதை எடுக்க எனக்கு வழியில்லை, டாக்டருக்கும் வழியில்லை. மிச்சம் இருக்கிறது இது ஒன்றுதான், இதுவும் என் கையில் இல்லை. என் கையில் இருந்திருந்தால் நேற்றே விட்டிருப்பேன். பிறக்கப்போகிற பிள்ளைக்காக விடு, ஆரணிக்காக விடு, என் மேலிருக்கிற ஆத்திரத்துக்காகவாவது விடு. எனக்கு மன்னிப்புத் தரவேண்டாம், அதைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

ஆனால் தாய் ஒரு கடிதம் எழுதினால் மகன் விட்டுவிடுவான் என்று நம்புகிற வயது எனக்குப் போய்விட்டது. முயன்றும் முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய். வாற ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்துத் தனியாக வா, ஆரணிக்குப் புகை கூடாது. பின்படிக்கட்டுக்குப் போகாதே. குசினிக்குள் வா, கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்து பற்றவை. அப்பா எழும்பிப் போகமாட்டார். நான் முகத்தைத் திருப்பமாட்டேன். நீ இழுக்கிற ஒவ்வொரு இழுவையையும் நான் பார்க்கவேண்டும், நான் பார்க்கிறதை நீ பார்க்கவேண்டும். ஏசமாட்டேன். அழமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ண ஏலாது.

அம்மா